நிற்கிற இடம்

“ஏன் தம்பி, எப்போதும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறீர்கள்?”

ஆச்சி முறத்தில் அரிசியைப் புடைத்தபடியே கேட்டார். நாங்கள் நான்கு பேரும் அவர் வீட்டு வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) உட்கார்ந்து மூன்று வாரமாக ஒரே பாட்டை வாசித்துக்கொண்டிருந்தோம். அவர் தூணுக்கு அந்தப் பக்கம் தன் வேலையில் இருந்தார்; எங்களைக் கவனிக்கிறார் என்றே நான் நினைத்ததில்லை. “எந்த இடம் ஆச்சி?” என்றேன். “அந்தப் பிள்ளை தனியாக வாசித்து முடித்த பிறகு, டீச்சர் மறுபடி பாடுவதற்கு முன்னால். ஒரு மூச்சு நேரம் எல்லாம் நின்றுபோகிறது. அப்புறம்தான் வண்டி கிளம்புகிறது.”

இரண்டு ஆண்டுகளாக நான் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்த ஒன்றை அவர் அரிசியோடு சேர்த்துப் புடைத்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நான் தேவகோட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கிதாரைக் கையில் எடுத்தது 34 வயதில், இப்போது 41. எங்கள் குழுவில் பாடுகிற அக்கா பள்ளி ஆசிரியை. முதன்மை கிதார் வாசிக்கும் தம்பி காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறான். மரப்பெட்டி மேல் உட்கார்ந்து கைகளால் தட்டும் கஹோனுக்கு ஒரு நண்பர். மின்பணியாளர், சிறுவயதில் சில ஆண்டுகள் மிருதங்கம் கற்றவர். நான் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டு, பிடித்துத் தாளத்தைத் தாங்குகிறவன். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. வாரத்தில் இரண்டு இரவுகள், கடையைப் பூட்டிய பிறகு, ஆச்சியின் வீட்டில் கூடுகிறோம். அவருடைய பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். தெருவிலிருந்து பின் தெருவரை நீளும் அத்தனை பெரிய வீட்டில் அவரும் உதவிக்கு ஒரு பெண்ணும் மட்டும்தான். “வீட்டில் சத்தம் இருக்கட்டும் தம்பி” என்று சொல்லித்தான் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் தங்கை திருமண வரவேற்பில் முதல்முறையாக மேடை ஏறினோம். நான்கு மாதம் பழகிய பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன் என்று நம்பியிருந்தேன். பல்லவி நன்றாக வந்தது. முதல் இடையிசையைத் தம்பி அழகாக வாசித்து முடித்தான். சரணம் தொடங்க வேண்டிய இடத்தில் என் இடது கை நின்றது. அக்கா பாடத் தொடங்கிவிட்டார், கஹோன் போய்க்கொண்டிருந்தது, நான் மட்டும் அரைத் தட்டு தாமதமாகக் கார்டைப் பிடித்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் வரி தவறியது. தம்பி கையை எடுத்தான். பாட்டு அப்படியே நடு மேடையில் உட்கார்ந்துவிட்டது. மறுபடி பல்லவியிலிருந்து தொடங்கினோம். வந்திருந்தவர்கள் நல்லவர்கள், கை தட்டினார்கள். இரவு வீட்டுக்கு வந்து தனியாக அதே பாட்டை வாசித்தேன். ஒரு பிசகும் இல்லாமல் வந்தது.

அன்றிலிருந்து அதற்குப் பெயர் மேடை பயம் என்று முடிவு செய்திருந்தேன். பயத்துக்கு வைத்தியம் தேடினேன். மூச்சுப் பயிற்சி செய்தேன், மேடைக்கு முன் எதுவும் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ஆச்சி கேட்ட அன்று தம்பியின் கைபேசியைத் தூணோரம் வைத்து, பாட்டை எட்டு முறை வாசித்துப் பதிவு செய்தோம். எட்டில் ஏழு முறை அந்த நிறுத்தம் அங்கே இருந்தது. மேடையில் கை புதிதாக எந்தத் தவற்றையும் செய்யவில்லை. நான்கு மாதம் வீட்டில் என்ன செய்ததோ அதையேதான் செய்தது. வீட்டில் நான் நின்று, விரல்களைச் சரியாக வைத்துக்கொண்டு, பிறகு தொடர்வேன். தனியாக வாசிக்கும்போது பாட்டு எனக்காகக் காத்திருக்கும் என்பதால் அந்த நிறுத்தம் என் காதில் விழவே இல்லை. பாட்டைப் பாடம் செய்த அதே கை, நிறுத்தத்தையும் சேர்த்துப் பாடம் செய்துவிட்டது. வளவில் கூடி வாசித்தபோதோ மற்ற மூவரும் என்மேல் உள்ள அன்பால், தாங்களே அறியாமல், எனக்காக ஒரு மூச்சு நிற்கப் பழகியிருந்தார்கள்.

ஆச்சிக்கு அது எப்படிக் கேட்டது என்று பிறகு யோசித்தேன். அவர் ஆண்டுதோறும் பங்குனியில் காரைக்குடிக் கம்பன் விழாவுக்குப் போகிறவர். சா. கணேசன் 1939இல் தொடங்கி வைத்த விழா அது. சிறு பெண்ணாகத் தன் ஐயாவோடு போய் உட்கார்ந்த நாளிலிருந்து, விருத்தத்தைத் தங்குதடையின்றிச் சொல்கிறவர்களையும் மூன்றாம் அடியில் தடுக்குகிறவர்களையும் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. ராகத்தின் பெயர் தெரியாமல் இருக்கலாம், தடுக்கல் எங்கே என்று அந்தக் காதுக்குத் தெரியும்.

அந்த இடத்தை இனி விவரமாகச் சொல்ல வேண்டும். கிதார் வாசிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வாசிக்கிறவர்களுக்கு இதுதான் கட்டுரை.

அசல் பாட்டு ஆண் குரலில், ஒரு கட்டையில், சி மைனரில் இருக்கிறது. அக்காவுக்கு அது ஒத்துவரவில்லை. ஐந்து கட்டைதான் அவருக்கு வசதி. ஆகவே ஜி மைனருக்கு மாற்றினோம். பதிவில் உள்ள சுருதியிலேயே பாட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அது பாடுகிறவருக்குச் செய்யும் கொடுமை. கிதாரில் சுருதியை மாற்றுவது எளிது, குரலை மாற்ற முடியாது. கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்; ஒவ்வொன்றும் அரைச் சுரம். கழுத்தில் கேப்போ என்னும் கவ்வியை மூன்றாவது ஃப்ரெட்டில் மாட்டினால், ஈ மைனர் பிடிக்கும் அதே விரல் அமைப்பு ஜி மைனராக ஒலிக்கும். ஐந்தாவது ஃப்ரெட்டில் மாட்டினால் டி மைனர் அமைப்பு ஜி மைனராகும். இரண்டு கிதார் இருக்கும் குழு இந்த வசதியை விடவே கூடாது. நான் மூன்றாவதில், தம்பி ஐந்தாவதில். ஒரே கார்டை இருவரும் வேறு வேறு உயரத்தில் பிடிப்பதால் ஒலி தடிப்பாக, நிறைவாக வருகிறது. இருவரும் ஒரே அமைப்பில் வாசித்தால் ஒரு கிதாரைச் சற்று உரக்க வாசித்ததுபோலத்தான் கேட்கும்.

இதை நினைக்கும்போதெல்லாம் காரைக்குடி வீணைச் சகோதரர்களின் பழைய படம் ஒன்று மனத்தில் வருகிறது. அண்ணன் சுப்பராம ஐயர் வீணையைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்திருப்பார்; தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கம்போலக் கிடத்தி வைத்திருப்பார். ஒரே இசையை இரண்டு இருப்பில் வைத்துக்கொண்டு சேர்ந்து வாசித்தவர்கள். சாம்பசிவ ஐயர் பின்னாளில் கலாக்ஷேத்திராவில் கற்பித்தார். 1952இல் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றார். எங்கள் பக்கத்து ஊரின் பெயரைத் தந்தி வாத்தியத்தோடு சேர்த்து நாடு முழுவதும் உச்சரிக்க வைத்தவர்கள் அவர்கள். அந்த மண்ணில் உட்கார்ந்து கம்பியைத் தொடுகிறோம் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. வாசிப்பில் சோம்பல் வரும் இரவுகளில் அந்த நினைப்பு உதவுகிறது.

இடத்துக்கு வருகிறேன். இடையிசை என் கையில் டி அமைப்பில் முடிகிறது; சரணம் பி மைனரில் தொடங்குகிறது. டி அமைப்பில் மூன்று விரல்கள் ஒரு மூலையில் குவிந்திருக்கும். பி மைனருக்கு அவை மூன்றும் எழுந்து, சுட்டுவிரல் ஐந்து கம்பிகளைக் குறுக்காக அழுத்த, மற்றவை வேறு இடம் போய் உட்கார வேண்டும். தம்பிக்கு அதே இடம் சி அமைப்பிலிருந்து ஏ மைனர். ஒரே ஒரு விரலை நகர்த்தினால் போதும். எனவே அவனுக்கு அங்கே ஒரு தடையும் இருந்ததில்லை. “அண்ணே, நாம் கேப்போவை மாற்றிக்கொள்ளலாமே” என்று அவன் அன்பாகச் சொன்னான். முயன்றும் பார்த்தோம். அப்போது பல்லவியில் எனக்கு வேறொரு கடினமான கார்டு முளைத்தது. ஒரு மேட்டைத் தவிர்த்தால் பாதை இன்னொரு மேட்டில் கொண்டுபோய் விடும். மேட்டில் ஏறக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 92 தட்டு. ஒரு தட்டு ஏறக்குறைய 0.65 நொடி. என் கைக்கு டி அமைப்பிலிருந்து பி மைனருக்குப் போக அதற்கும் மேல் தேவைப்பட்டது. வேகத்தை 60இல் வைத்து, இடையிசையின் கடைசித் தாள வட்டத்தையும் சரணத்தின் முதல் வட்டத்தையும் மட்டும் வாசித்தேன். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அந்த இரண்டு வட்டங்கள் மட்டும், ஓர் இரவில் 40 முறை. மறுநாள் 64. பிறகு 68. 76இல் கை மறுபடி நிற்கத் தொடங்கியது. அங்கேயே ஐந்து நாள் இருந்தேன். முழுப் பாட்டையும் தினமும் பத்து முறை வாசிப்பது உழைப்புப்போலத் தோன்றும். ஆனால் அந்தப் பத்து முறையில் ஒன்பது பங்கு நேரம் ஏற்கெனவே வந்துவிட்டதை வாசிப்பதில் போகிறது. வராத இடத்தைப் பத்து முறைதான் தொடுகிறோம், அதுவும் பெரும்பாலும் தவறாக.

இரண்டு வழிகள் எனக்குக் கைகொடுத்தன. முதலாவது, டியின் கடைசி அரைத் தட்டை விட்டுக்கொடுத்துவிடுவது. வலது கை நிற்காமல் மேல்நோக்கி வருடும், இடது கை அதற்குள் கிளம்பிவிடும். அந்த மூன்றில் ஒரு பங்கு நொடியில் திறந்த கம்பிகள் ஒலித்தாலும் கேட்பவர் காதில் அது தாளத்தின் ஒரு பகுதியாகவே விழுகிறது. இரண்டாவது, பி மைனரை முழுதாகப் பிடிக்க முதல் தட்டிலேயே ஆசைப்படாமல் இருப்பது. சரியான நேரத்தில் மூன்று கம்பிகள் ஒலித்தால் போதும், மற்றவை அடுத்த தட்டில் வந்து சேரட்டும். தாமதமாக வரும் முழுக் கார்டைவிட நேரத்தில் வரும் பாதிக் கார்டு மேலானது. தனியே உட்கார்ந்து வாசிக்கும்போது இதற்கு நேர்மாறாக நினைப்போம், ஏனென்றால் அங்கே அழகான ஒலிதான் நம்மை மகிழ்விக்கிறது. பிறரோடு வாசிக்கும்போது தாளம்தான் எல்லோரும் ஏறியிருக்கும் வண்டி.

அந்த ஓர் இடத்தைச் சரிசெய்த பிறகு மற்றப் பாட்டுகளையும் எடுத்துப் பார்த்தோம். ஆத்தங்குடித் தரைக்கல் பதிக்கிறவர்கள் கல்லின் நடுவைப் பார்ப்பதில்லை; அது கண்ணாடி மேல் வார்க்கப்பட்டு வழவழப்பாகவே வந்திருக்கும். அவர்கள் குனிந்து பார்ப்பதெல்லாம் இரண்டு கற்கள் சேரும் கோட்டை. எங்கள் பாட்டுகளிலும் விழுகிற இடங்கள் எல்லாம் சேர்க்கைகளில்தான் இருந்தன. முன்னிசையிலிருந்து பல்லவிக்கு, சரணத்திலிருந்து திரும்பப் பல்லவிக்கு, முதல் சரணத்தின் கடைசி வரியும் இரண்டாம் சரணத்தின் கடைசி வரியும் சற்றே வேறாக இருக்கும் இடத்துக்கு. இந்தக் கடைசி வகை மிகவும் ஆபத்தானது. இரண்டும் ஒன்றுதான் என்று கை நம்பிவிடும்.

அதற்காக ஒரு பயிற்சியை ஏற்படுத்திக்கொண்டோம். ஒவ்வொரு பாட்டின் சேர்க்கைகளையும் துண்டுக் காகிதங்களில் எழுதி, ஆச்சி கொடுத்த பித்தளைச் சம்படத்தில் போட்டோம். யாராவது ஒன்றை எடுத்துப் படிப்பார். நண்பர் கஹோனில் நான்கு தட்டு கொடுப்பார். அந்த இடத்திலிருந்து உடனே தொடங்க வேண்டும். முதல் வாரம் பெரும் துன்பமாக இருந்தது. பாட்டைத் தலையிலிருந்து தொடங்கினால்தான் நமக்குத் தெரிகிறது, நடுவில் இறக்கிவிட்டால் ஊர் தெரியாதவர்போல நிற்கிறோம் என்று அப்போதுதான் கண்டோம். மேடையில் ஒருமுறை தவறினால் நம்மை நடுவில்தான் இறக்கிவிடுவார்கள். நடு இடங்களெல்லாம் தெரிந்தவனுக்கு மறுபடி ஏறிக்கொள்ள ஓர் இடம் இருக்கும்.

இன்னொரு விதியும் வந்தது: பயிற்சியின் கடைசி அரை மணி நேரம் யாரும் எதற்கும் நிற்கக் கூடாது. கம்பி அறுந்தாலும், வரி மறந்தாலும், ஆச்சி கூப்பிட்டாலும் பாட்டு முடிகிற வரை போக வேண்டும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்தித் திருத்திக்கொள்ளலாம். திருத்துகிற நேரமும் ஓட்டுகிற நேரமும் கலந்துவிட்டால் இரண்டுமே கெட்டுப்போகின்றன. அந்த அரை மணி நேரம் உட்கார்ந்தும் வாசிக்கக் கூடாது. உட்கார்ந்து பழகியவன் மேடையில் நின்றால் கிதார் இறங்கிவிடும், மணிக்கட்டின் கோணம் மாறிவிடும், பி மைனர் மறுபடி பகையாகிவிடும்.

வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் அடுப்படியிலிருந்து மணக்கும். அந்த அரை மணி நேரம் முடிகிற வரை யாரும் தொடுவதில்லை. எண்ணெய்க் கையோடு கம்பியைத் தொட்டால் விரல் வழுக்கும், கம்பியின் ஒலியும் மங்கும்.

இந்த நிலையில்தான் ஆச்சி கேட்டார். மூத்த மகனுக்கு வைகாசியில் மணிவிழா, குடும்பமே மலேசியாவிலிருந்து வருகிறது, மாலையில் நீங்கள் வாசிக்க வேண்டும். கூடவே ஒரு பாட்டும் கேட்டார்: கண்ணதாசன் பாட்டு. “நம் பக்கத்துப் பிள்ளை எழுதியது ஒன்றாவது இருக்க வேண்டும்” என்றார். கண்ணதாசன் 1927இல் பிறந்த சிறுகூடல்பட்டி எங்களுக்கு எட்டிவிடும் தூரம்தான்.

ஆறு பாட்டுகள் என்று முடிவு செய்தோம். தம்பிக்குப் பன்னிரண்டு வேண்டும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வேலையும் படிப்புமாக இருக்கிற நான்கு பேர் இரண்டரை மாதத்தில் ஆறு பாட்டைத்தான் சேர்க்கை வரை உறுதியாக்க முடியும்; மீதி ஆறும் வெறுமனே தெரிந்த பாட்டுகளாகத்தான் இருக்கும். ஆறில் மூன்று இளையராஜாவுடையவை. 1976இல் முதல் படத்துக்கு இசையமைப்பதற்கு முன்பே கிதார் வாசித்தவர் அவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர். அவர் பாட்டுகளில் கிதாருக்கென்று எழுதிய இடங்களில் விரல் போகும் வழி இயல்பாகவே இருக்கும். எழுதியவருக்கு அந்தக் கழுத்து தெரியும்.

கண்ணதாசன் பாட்டு அப்படி இல்லை. குரலும் குழலும் வளைந்து வளைந்து போகிற பழைய பாட்டு. வீணையில் ஒரு மெட்டின் மேல், அதாவது ஃப்ரெட்டின் மேல், தந்தியை இழுத்தே இரண்டு மூன்று சுரங்களைத் தொட்டுவிடலாம். எங்கள் கிதாரின் இரும்புக் கம்பிகளில் அரைச் சுரம் இழுப்பதற்குள் விரல் நுனி எரியும். தம்பி முதலில் எல்லா வளைவுகளையும் இழுத்தே கொண்டுவரப் பார்த்தான். சுருதி எட்டாமல் அழுகைபோல வந்தது. பிறகு கைபேசியை மூடி வைத்துவிட்டு, கிதாரையும் தொடாமல், அக்கா பாட நாங்கள் மூவரும் கேட்டோம். எந்த வளைவு இல்லாவிட்டால் பாட்டு பாட்டாக இருக்காது என்று கேட்டுக் கேட்டுக் குறித்தோம். ஏழெட்டு இடங்கள்தான் தேறின. அவற்றை மட்டும் விரலை வழுக்கிச் செல்லும் ஜாருவாகத் தம்பி வாசித்தான். மற்றதை அக்காவின் குரலுக்கு விட்டுவிட்டான். அந்தப் பாட்டு அன்றுதான் உட்கார்ந்தது.

முடிவுகளுக்குத் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. பதிவுகளில் சில பாட்டுகள் முடிவதே இல்லை. ஒலி மெல்ல மெல்லக் குறைந்து மறைந்துவிடும். மேடையில் நான்கு பேர் மறைய முடியாது. முதல் மேடையில் ஒரு பாட்டின் கடைசியில் பல்லவி வரியை ஐந்தாறு முறை திரும்பப் பாடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, நான்கு பேரும் நான்கு இடத்தில் நிறுத்தினோம். இந்த முறை கஹோன் நண்பர்தான் வழி சொன்னார். மிருதங்கத்தில் முத்தாய்ப்பு வைப்பார்கள். ஒரே சொற்கட்டு மூன்று முறை வரும், மூன்றாவது முடியும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து இறங்குவார்கள். பாட்டறியாதவருக்கும் அது முடியப்போகிறது என்று இரண்டாவது முறையிலேயே உடம்பு சொல்லிவிடும். காரைக்குடி மணி போன்ற ஒரு மிருதங்க மேதையைத் தந்த ஊருக்கு அருகில் இருந்துகொண்டு இதை இத்தனை நாள் யோசிக்கவில்லையே என்று இருந்தது. மூன்று பாட்டுகளுக்கு மூன்று சிறிய முத்தாய்ப்புகள் கட்டினோம். கிதாரும் கஹோனும் ஒன்றாக வந்து மூன்றாவது முறையில் விழுந்தபோது வளவே ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

அந்த வளவைப் பற்றி எங்களை மைக்செட் அண்ணன் ஒருவர் எச்சரித்தார். விழாவுக்கு ஒலிபெருக்கி போடுகிறவர். பந்தலுக்கு அளவெடுக்க வந்தபோது ஒரு பாட்டு கேட்டுவிட்டு, “இங்கே நன்றாகத்தான் இருக்கும் தம்பி, சுவர் வாசிக்கிறது” என்றார். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்து, கண்ணாடிபோல இழைத்த சுவர். கல் பதித்த தரை. தேக்குத் தூண்கள். மெத்தையோ திரையோ எதுவும் இல்லை. ஒலியை விழுங்க அங்கே ஒன்றுமே கிடையாது; தொட்ட சுரம் திரும்பி வந்து அடுத்த சுரத்தோடு கலந்துகொள்ளும். சின்னப் பிசிறுகளை அந்த வீடு மூடி மறைத்துவிடும். தெருப் பந்தலிலோ கூரை துணி, பக்கமெல்லாம் திறப்பு. வாசித்தது போனது போனதுதான். கையில் ஒலி இல்லையே என்று பதறி இன்னும் ஓங்கி அடிப்போம், கை இறுகும், பாட்டின் வேகமும் கூடிவிடும். முதல் மேடையில் எனக்கு நடந்தது இதுவும்தான் என்று அவர் சொன்ன பிறகே விளங்கியது.

அதன்பின் கடைசி மூன்று வாரம் வீட்டுக்குப் பின்னால் உள்ள திறந்த தோட்டத்தில் வாசித்தோம். ஒலி காய்ந்து கிடந்தது. முதல் நாள் நால்வருக்கும் மனம் தளர்ந்துவிட்டது. இத்தனை மாத உழைப்பு இவ்வளவுதானா என்று இருந்தது. வலது கையைத் தளர்த்தி, ஓங்காமல், அதே வேகத்தில் வாசிக்கப் பழகப் பத்து நாள் பிடித்தது. நெருக்கமாக நிற்கவும் அங்கேதான் கற்றோம். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும்; பத்து மீட்டர் தள்ளி நின்றால் கஹோனின் தட்டு 0.03 நொடி தாமதமாக வந்து சேரும். சொல்லும்போது சிறிய அளவு, ஆனால் தாளத்தில் சாய்ந்து வாசிக்கிறவனுக்கு அது தெரியும். மேடை எவ்வளவு அகலமாக இருந்தாலும் நாங்கள் இரண்டு பாய் அளவு இடத்துக்குள் நிற்பதென்று வைத்துக்கொண்டோம்.

வைகாசி வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அப்போது 40 டிகிரியை நெருங்கும். கிதாரைப் பூட்டிய காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பசை இளகி, கம்பிகளைத் தாங்கும் பாலம் பலகையிலிருந்து பெயர்ந்துவிடும். அதன்பின் அழுதாலும் பயனில்லை. வெப்பத்தில் இரும்புக் கம்பி நீண்டு சுருதி இறங்கும், ஆகையால் ஏசி அறையில் சுருதி சேர்த்துவிட்டு நேரே மேடைக்கு வரக் கூடாது. அரை மணி நேரம் முன்னதாகவே கிதார் பந்தலுக்கு வந்துவிட வேண்டும். புதுக் கம்பியை விழா அன்று மாட்டக் கூடாது. மூன்று நாள் முன்பே மாட்டி, கையால் மெல்ல இழுத்து இழுத்துத் தொய்வை எடுத்துவிட்டால்தான் நிலையாக நிற்கும். கிதாரின் ஒலியை மின்னலையாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்புக்குப் புது ஒன்பது வோல்ட் பேட்டரி, இரண்டாவது கேபிள், மாற்றுக் கம்பி, நான்கைந்து பிக், எல்லாம் ஒரே பையில்.

விழா அன்று மாலை மைக்செட் அண்ணனிடம் ஒரு மணி நேரம் முன்னதாகவே போனோம். கிதாரின் வயிற்றுத் துளையை ஒலிபெருக்கிக்கு நேரே காட்டாமல் என்னைத் திருப்பி நிறுத்தினார்; கூவல் நின்றது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் வந்த உறுமலையும் எங்கோ ஒரு கேபிளை மாற்றிச் சரிசெய்தார். அவருக்கு உரிய நேரத்தையும் மரியாதையையும் கொடுக்காமல் மேடை ஏறுகிற குழு, பாதி தோற்றபடியே ஏறுகிறது.

பந்தலில் 200 பேர் இருப்பார்கள். பெரியவர்கள் முன் வரிசையில், பிள்ளைகள் மேடையின் ஓரத்தில். மணிவிழாத் தம்பதி மாலையோடு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். என் கை நின்றுபோன அந்தப் பாட்டு நான்காவது. பல்லவி போனது. தம்பி இடையிசையை வாசித்தான். நான் டியில் இருந்தேன், அடுத்தது பி மைனர், கை கிளம்பத் தயாராக இருந்தது. அக்கா பாடவில்லை.

முன் வரிசையில் ஆச்சி தன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவின் கண் அங்கே போய்விட்டது. எடுப்பு தவறிவிட்டது என்று அவர் தோள் சொன்னது. நான் டியிலேயே இருந்தேன். வலது கை நிற்கவில்லை. தம்பி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடையிசையின் கடைசிச் சொற்கட்டை இன்னொரு முறை, சற்று மெல்லிய குரலில் பேசுவதுபோல, வாசித்தான். கஹோன் அப்படியே சுற்றி வந்து நான்காம் தட்டில் ஓர் அழுத்தம் கொடுத்தது. அக்கா மூச்செடுத்தார். என் கை அரைத் தட்டு முன்னதாகக் கிளம்பி, மூன்று கம்பிகளில் பி மைனரில் இறங்கியது. சரணம் தொடங்கியது.

கடைசிப் பாட்டின் முத்தாய்ப்பு முடிந்து, கை தட்டி ஓய்ந்து, பந்தி தொடங்கிவிட்டது. கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஆச்சி மேடை ஓரத்துக்கு வந்தார். மகன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம், “அந்த இடத்தில் இன்றைக்கு ஒரு சுற்று கூடுதலாக வந்தது. நிற்கவில்லை” என்றார்.

“ஆமாம் ஆச்சி” என்றேன்.

“சாப்பிட வாருங்கள்” என்று சொல்லிவிட்டு, அடுத்த பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று பார்க்கப் போனார்.